அணைத்த வைஃபை அணைந்துவிட்டதா? போனின் வைஃபை, ப்ளூடூத், லொகேஷனை உங்கள் கைக்குள் கொண்டுவர முழுமையான வழிகாட்டி

கானாடுகாத்தானிலோ காரைக்குடியிலோ பழைய வீடு ஒன்றைப் பூட்டிவிட்டு ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்குத் தெரியும், முகப்புக் கதவில் சாவியைத் திருப்பினால் மட்டும் வேலை முடியாது. வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் பின்வாசல் ஒன்று இருக்கிறது. அதையும் தாழிட்டால்தான் வீடு பூட்டிய வீடு. போனின் மேல்திரையை இழுத்து வைஃபை படத்தைத் தட்டுவது முகப்புக் கதவை மட்டும் சாத்துவதுதான். படம் மங்கிவிடும், ஆனால் போன் அக்கம்பக்கத்து ரவுட்டர்களைத் தேடிக்கொண்டே இருக்கும். பல போன்களில் மறுநாள் தானாகவே மீண்டும் இணைந்தும் கொள்ளும்.

எந்த வாசலை எப்படித் தாழிடுவது, எதைத் தாழிட்டால் எது நின்றுபோகும் என்று இங்கே ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். இந்தப் பக்கம் பெரும்பாலானோர் போனை ஆங்கிலத்திலேயே வைத்திருப்பதால், திரையில் தெரியும் பெயர்களை அப்படியே தமிழ் எழுத்தில் தருகிறோம். கம்பெனிக்குக் கம்பெனி வரிசை சற்று மாறும். சொன்ன இடத்தில் சொன்ன பெயர் இல்லையென்றால், செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் கட்டத்தில் அந்தப் பெயரின் முதல் சொல்லைத் தட்டிப் பாருங்கள்.

முதலில், "அணைப்பது" என்றால் என்ன?

ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு வேலைகள் இருக்கின்றன. முதலாவது தொடர்பைத் துண்டிப்பது: வீட்டு ரவுட்டரிலிருந்து போன் விலகும், ஆனால் அலையை அனுப்பி வாங்கும் ரேடியோ விழித்திருக்கும். இரண்டாவது தேடலை நிறுத்துவது: சுற்றிலும் எந்தெந்த ரவுட்டர், எந்தெந்த ப்ளூடூத் கருவி இருக்கிறது என்று போன் பார்ப்பதும் நிற்கும். மூன்றாவது ரேடியோவையே நிறுத்துவது. திரையில் இந்த மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே படம்தான், ஒரே மங்கல்தான். "ஆஃப்" என்று எழுதிவிட்டு முதல் வேலையை மட்டும் செய்வது, போனுக்குக் காசு கொடுத்தவரை ஏமாற்றுவதாகும் என்பதே எங்கள் கருத்து. வசதிக்காகச் செய்தோம் என்று கம்பெனிகள் சொல்லலாம். அந்த வசதி வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யவேண்டியவர் போனின் சொந்தக்காரர்.

ஐபோன்

2017-ல் வந்த ஐஓஎஸ் 11 முதல், கண்ட்ரோல் சென்டரில் உள்ள வைஃபை, ப்ளூடூத் வட்டங்கள் தொடர்பைத் துண்டிப்பதோடு நின்றுவிடுகின்றன. நீலம் என்றால் ஆன். நிறம் போய் மங்கினால் "நாளை வரை துண்டிப்பு" என்று பொருள். குறுக்கே கோடு விழுந்தால்தான் உண்மையான ஆஃப். மங்கிய நிலை பின்வரும் நேரங்களில் தானாகவே கலைந்துவிடும்: உள்ளூர் நேரப்படி காலை 5 மணிக்கு, போனை ரீஸ்டார்ட் செய்யும்போது, அல்லது நீங்களே மீண்டும் தட்டும்போது. வைஃபை என்றால் இன்னொரு காரணமும் உண்டு, வேறோர் இடத்துக்கு நடந்தோ வண்டியிலோ போனாலும் பழையபடி இணையத் தொடங்கிவிடும். ப்ளூடூத் மங்கியிருந்தாலும் ஆப்பிள் வாட்ச், ஆப்பிள் பென்சில், ஒரு கருவியில் தொடங்கிய வேலையை இன்னொன்றில் தொடரும் ஹேண்ட்ஆஃப் போன்றவற்றுக்காக ரேடியோ வேலை செய்துகொண்டுதான் இருக்கும். ஆப்பிள் இதை மறைக்கவில்லை, தன் உதவிப் பக்கத்தில் எழுதியே வைத்திருக்கிறது. வட்டத்தைத் தட்டுகிற ஒருவர் உதவிப் பக்கத்தைத் தேடிப் படிக்கப்போவதில்லை என்பதுதான் குறை.

முழுதாக அணைக்க:

1. செட்டிங்ஸ் → வைஃபை. மேலே உள்ள பட்டனை ஆஃப் செய்யுங்கள்.
2. செட்டிங்ஸ் → ப்ளூடூத். அங்கேயும் அதே பட்டன்.
3. கண்ட்ரோல் சென்டரைத் திறந்து பாருங்கள். இரண்டு வட்டத்திலும் குறுக்குக் கோடு தெரியவேண்டும்.

தினமும் இத்தனை தூரம் போகச் சலிப்பாக இருந்தால் ஷார்ட்கட்ஸ் ஆப்பில் புதிதாக ஒன்றைத் தொடங்கி, "செட் வைஃபை" என்ற செயலை ஆஃப் என்றும், அடுத்து "செட் ப்ளூடூத்" என்பதை ஆஃப் என்றும் சேர்த்து, ஹோம் ஸ்கிரீனில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தட்டில் இரண்டும் முழுதாக அணையும்.

இன்னொரு வாசல் உள்ளே இருக்கிறது: செட்டிங்ஸ் → பிரைவசி அண்ட் செக்யூரிட்டி → லொகேஷன் சர்வீசஸ். அந்தப் பட்டியலின் கடைசியில் சிஸ்டம் சர்வீசஸ், அதற்குள் நெட்வொர்க்கிங் அண்ட் வயர்லெஸ். 2019-ல் ஐபோன் 11-ல் அல்ட்ரா வைட்பேண்ட் என்ற புதிய ரேடியோ வந்தது. ஆப்களுக்கு லொகேஷனை மறுத்த பிறகும் போன் அவ்வப்போது இருப்பிடத்தைச் சரிபார்ப்பதை அப்போது பாதுகாப்பு ஆய்வாளர்கள் கவனித்தார்கள். அந்த ரேடியோ எந்த நாட்டில் அனுமதிக்கப்பட்டது என்று பார்க்கவே அப்படிச் செய்கிறது என்று ஆப்பிள் விளக்கம் சொல்லி, 2020 ஜனவரியில் ஐஓஎஸ் 13.3.1-ல் அதற்கும் ஒரு பட்டனைத் தந்தது. கேட்டதால் கிடைத்த பட்டன் அது. பெரும்பாலானோர் அதைத் தொட வேண்டியதில்லை. தொட விரும்புபவருக்கு அது இருக்கிறது.

ஆண்ட்ராய்டு

ஆண்ட்ராய்டில் வைஃபை படத்தைத் தட்டினால் வைஃபை இணைப்பு உண்மையாகவே ஆஃப் ஆகும். பின்வாசல் வேறிடத்தில் இருக்கிறது. 2013-ல் வந்த 4.3 பதிப்பு முதல், வைஃபை ஆஃபில் இருந்தாலும் சுற்றியுள்ள ரவுட்டர்களைத் தேட ஆப்களையும் சேவைகளையும் அனுமதிக்கும் ஏற்பாடு உண்டு. ப்ளூடூத்துக்கும் அதே மாதிரி ஒன்று பின்னால் சேர்ந்தது. இவை வைஃபை பக்கத்தில் இல்லாமல் லொகேஷன் பக்கத்தில் இருப்பதால்தான் பலர் கண்ணில் படுவதில்லை.

1. செட்டிங்ஸ் → லொகேஷன் → லொகேஷன் சர்வீசஸ். அங்கே வைஃபை ஸ்கேனிங், ப்ளூடூத் ஸ்கேனிங் என்று இரண்டு இருக்கும். இரண்டையும் ஆஃப் செய்யுங்கள். கிடைக்காவிட்டால் தேடல் கட்டத்தில் "ஸ்கேனிங்" என்று தட்டினால் வந்து நிற்கும்.

2. செட்டிங்ஸ் → நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் → இன்டர்நெட் → நெட்வொர்க் பிரிஃபரன்சஸ். அங்கே "டர்ன் ஆன் வைஃபை ஆட்டோமேட்டிக்கலி" என்பதை ஆஃப் செய்யுங்கள். வீட்டு ரவுட்டர் அருகே வந்ததும் வைஃபையைத் தானாக எழுப்புவது இதுதான். வைஃபை ஸ்கேனிங் ஆஃப் என்றால் இதுவும் வேலை செய்யாது. ஆனாலும் இரண்டையும் ஆஃப் செய்து வைப்பது நல்லது, ஏனென்றால் ஒன்றை வேறு யாராவது ஆன் செய்துவிட்டால் மற்றது தடுக்கும்.

3. அதே இடத்தில் பொதுவான, கடவுச்சொல் இல்லாத வைஃபையைப் பற்றி அறிவிக்கவோ தானாக இணையவோ ஒரு வரி இருந்தால் அதையும் ஆஃப் செய்யுங்கள்.

4. ஆண்ட்ராய்டு 15 முதல், ப்ளூடூத்தை அணைக்கும்போது "நாளை தானாக ஆன் செய்" என்ற பொருளில் ஒரு பட்டன் பல போன்களில் கூடவே தெரியும். அது ஆனில் இருந்தால் நீங்கள் அணைத்தது ஒரு நாளைக்குத்தான்.

ஸ்கேனிங்கை அணைப்பதால் என்ன இழப்பு? ஜிபிஎஸ் வானத்தைப் பார்க்கவேண்டும். கனத்த சுவரும் தேக்கு மச்சும் உள்ள வீட்டுக்குள் அதற்கு வானம் தெரியாது. அங்கே போன் தன் இடத்தைக் கண்டுபிடிக்கப் பக்கத்து ரவுட்டர்களின் பெயரையும் எண்ணையும்தான் நம்புகிறது. ஆக, வீட்டுக்குள் இருந்தபடி ஆட்டோவையோ சாப்பாட்டையோ ஆப்பில் கூப்பிட்டால் நீலப் புள்ளி அடுத்த தெருவில் போய் நிற்கலாம். முற்றத்துக்கோ திண்ணைக்கோ வந்து அரை நிமிடம் நின்றால் சரியாகிவிடும். எங்களுக்கு இது தாங்கக்கூடிய இழப்பாகவே படுகிறது.

ஃப்ளைட் மோடு, பவர் ஆஃப்

விமானப் படத்தைத் தட்டினால் எல்லாம் நின்றுவிடும் என்று நினைப்பவர் அதிகம். சிம் தொடர்பு உறுதியாக நிற்கும். ஆனால் ஐபோன், முன்பு ஃப்ளைட் மோடில் இருந்தபோது நீங்கள் வைஃபையையோ ப்ளூடூத்தையோ ஆன் செய்திருந்தால் அதை ஞாபகம் வைத்துக்கொண்டு அடுத்த முறை அப்படியே விட்டுவிடும். ஆண்ட்ராய்டு 11 முதல், ப்ளூடூத் ஹெட்போனோ செவிக்கருவியோ இணைந்திருந்தால் ப்ளூடூத் அணையாது. ஆகவே ஃப்ளைட் மோடைத் தட்டிய பிறகு மற்ற இரண்டு படத்தையும் ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

ஜிபிஎஸ் கணக்கே வேறு. போன் செயற்கைக்கோளிடமிருந்து கேட்க மட்டும்தான் செய்கிறது, எதையும் அனுப்புவதில்லை. அதனால் ஃப்ளைட் மோடிலும் அது வேலை செய்யும். லொகேஷன் அனுமதி உள்ள ஓர் ஆப், தொடர்பே இல்லாத நேரத்திலும் நீங்கள் போன வழியைக் குறித்து வைத்துக்கொண்டு, தொடர்பு வந்ததும் அனுப்பிவிட முடியும். இதைத் தடுக்க லொகேஷனைத்தான் அணைக்கவேண்டும்.

பவர் ஆஃப் செய்தாலும் ஐபோன் 11 முதல் வந்த பெரும்பாலான ஐபோன்கள், ஐஓஎஸ் 15 முதல், மெல்லிய ப்ளூடூத் குறியை வெளியிட்டபடி இருக்கும். தொலைந்த போனை ஃபைண்ட் மை வழியாகக் கண்டுபிடிக்கத்தான் இது. அணைக்கும் திரையில் "ஐபோன் ஃபைண்டபிள் ஆஃப்டர் பவர் ஆஃப்" என்று சிறிய எழுத்தில் தெரியும். அதைத் தட்டி அந்த ஒரு முறைக்கு மட்டும் நிறுத்தலாம். நாங்கள் இதை ஆனிலேயே விடச் சொல்வோம். பிள்ளையார்பட்டி சதுர்த்திக் கூட்டத்திலோ குன்றக்குடி பங்குனி உத்திரத்திலோ போன் கைமாறிப் போனால், திருடியவர் முதலில் செய்வது அதை அணைப்பதுதான். அணைத்த பிறகும் அது இருக்கும் இடம் தெரிவது பெரிய உதவி.

அதே காரணத்தால், பூட்டிய திரையிலிருந்தே ஃப்ளைட் மோடைத் தட்ட முடியாதபடி செய்யுங்கள். ஐபோனில் செட்டிங்ஸ் → ஃபேஸ் ஐடி அண்ட் பாஸ்கோட் → அலவ் ஆக்சஸ் வென் லாக்டு என்ற பகுதியில் கண்ட்ரோல் சென்டரை ஆஃப் செய்யுங்கள். சாம்சங்கில் செட்டிங்ஸ் → லாக் ஸ்கிரீன் → செக்யூர் லாக் செட்டிங்ஸ் → லாக் நெட்வொர்க் அண்ட் செக்யூரிட்டி என்பதை ஆன் செய்யுங்கள். போன் தொலைவதற்கு முன்பே ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் என்று டயல் செய்து போனின் அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள். தொலைந்த பின் போலீஸ் புகார் நகலோடு, மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2023 மே மாதம் தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்தால், அந்தப் போன் இந்தியாவின் எந்த நெட்வொர்க்கிலும் வேலை செய்யாதபடி முடக்கலாம்.

ஆப்களுக்குக் கொடுத்த அனுமதி

பழைய ஆண்ட்ராய்டில் ஒரு ஹெட்போன் ஆப்பைப் போட்டால் அது லொகேஷன் கேட்கும். ஹெட்போனுக்கு நம் இருப்பிடம் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. ப்ளூடூத்தைத் தேடும் ஆப்புக்கு எந்தெந்தக் கருவி அருகில் இருக்கிறது என்று தெரியும், அதை வைத்து நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று ஊகிக்க முடியும். அதனால் ஆண்ட்ராய்டு 6 முதல் இரண்டையும் ஒரே அனுமதியாகக் கட்டிவிட்டார்கள். 2021-ல் வந்த 12-ஆம் பதிப்பில் அதைப் பிரித்து "நியர்பை டிவைசஸ்" என்று தனி அனுமதி ஆக்கினார்கள். ஆகவே புதிய போனில் ஒரு ஹெட்போன் ஆப்போ வாட்ச் ஆப்போ லொகேஷனும் கேட்டால், மறுத்துப் பாருங்கள். பெரும்பாலும் வேலை செய்யும்.

சரிபார்க்க: ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் → பிரைவசி → பிரைவசி டாஷ்போர்டு. கடந்த 24 மணி நேரத்தில் எந்த ஆப் எப்போது லொகேஷனைத் தொட்டது என்று மணிக்கணக்கோடு காட்டும். ஐபோனில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் ஆப் பிரைவசி ரிப்போர்ட்டை ஆன் செய்தால் 7 நாள் விவரம் சேரும். வானிலை ஆப், நாள்காட்டி ஆப், டார்ச் ஆப் எல்லாம் நள்ளிரவில் இருப்பிடம் பார்த்திருந்தால் அனுமதியைப் பறித்துவிடுங்கள். மேப், டாக்சி, பணம் அனுப்பும் ஆப்களுக்கு "வைல் யூசிங் தி ஆப்" போதும். வானிலைக்குத் துல்லியமான இடம் தேவையில்லை. "பிரிசைஸ்" என்பதை ஆஃப் செய்தால் சிவகங்கை மாவட்டத்தின் இந்தப் பக்கம் என்ற அளவில்தான் அதற்குத் தெரியும், மழை வருமா என்று சொல்ல அது தாராளம்.

மேக் அட்ரஸ்

ஒவ்வொரு வைஃபை கருவிக்கும் 12 எழுத்து-எண் கொண்ட ஒரு முகவரி உண்டு, அதுதான் மேக் அட்ரஸ். ஒரு காலத்தில் போன் அதை மாற்றாமல் எல்லா இடத்திலும் சொல்லிக்கொண்டே போகும். 2013-ல் லண்டன் நகரத்தில் தெருவோரக் குப்பைத் தொட்டிகளில் கருவி வைத்து, கடந்து போகிறவர்களின் போன் முகவரிகளைச் சேகரித்தார்கள். விஷயம் வெளியே வந்ததும் நகர நிர்வாகம் நிறுத்தச் சொன்னது. யாரும் எந்த வைஃபையிலும் இணையவில்லை, சட்டைப்பையில் போன் இருந்ததே போதுமானதாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் போன்கள் போலி முகவரி சொல்லக் கற்றுக்கொண்டன. தேடும்போது மட்டும் போலி முகவரி என்பது 2014-ல் ஐஓஎஸ் 8-ல் வந்தது. இணையும்போதும் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு தனிப் போலி முகவரி என்பது 2019-ல் ஆண்ட்ராய்டு 10-லும் 2020-ல் ஐஓஎஸ் 14-லும் இயல்பாகவே வந்தது. ஐஓஎஸ் 18-ல் ஆஃப், ஃபிக்ஸ்டு, ரொட்டேட்டிங் என்று மூன்று தேர்வுகள். ரொட்டேட்டிங் என்றால் ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முகவரி மாறும்.

ஆண்ட்ராய்டில் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரப் படத்தைத் தட்டி, பிரைவசி அல்லது மேக் அட்ரஸ் டைப் என்பதில் ரேண்டமைஸ்டு மேக் இருக்கிறதா பாருங்கள். ஐபோனில் பெயருக்குப் பக்கத்து "ஐ" வட்டம், பிறகு பிரைவேட் வைஃபை அட்ரஸ். உண்மையாகவே மாறியிருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு: ரவுட்டரில் இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைத் திறந்து, முகவரியின் இரண்டாவது எழுத்தை மட்டும் பாருங்கள். அது 2, 6, அல்லது ஆங்கில ஏ, இ ஆகிய நான்கில் ஒன்றாக இருந்தால் போலி முகவரி.

இதனால் வரும் தொல்லை ஒன்று. ரவுட்டரில் "இந்த முகவரிகளை மட்டும் அனுமதி" என்று பட்டியல் போட்டிருந்தாலோ, பேரப்பிள்ளையின் போனுக்கு நேரக்கட்டுப்பாடு வைத்திருந்தாலோ, முகவரி மாறியதும் அந்தக் கணக்கு குழம்பும். வீட்டு வைஃபைக்கு மட்டும் ஐபோனில் ஃபிக்ஸ்டு என்று வையுங்கள். ஆண்ட்ராய்டில் ஒரு வைஃபைக்கு ஒரே போலி முகவரி பொதுவாக நிலைத்திருக்கும், ஆகவே அதைப் பட்டியலில் சேர்த்தாலே போதும்.

வீட்டு ரவுட்டர்

செட்டிநாட்டு வீட்டில் வைஃபை ஏன் அடுப்படிக்கு எட்டுவதில்லை என்பதற்கும் தனியுரிமைக்கும் தொடர்பு இருக்கிறது. இணைப்பு கொடுக்க வருபவர் கேபிள் வந்து சேரும் இடத்தில், அதாவது முகப்பில், ரவுட்டரை மாட்டிவிட்டுப் போவார். செங்கலும் சுண்ணாம்புமாக அடி கனத்துக்கு நிற்கும் சுவர்கள் 5 கிகாஹெர்ட்ஸ் அலையை வெகுவாகக் குடித்துவிடும், 2.4 கொஞ்சம் தாங்கும். சுவரில் சாத்திய பெரிய பெல்ஜியம் கண்ணாடிகளின் பின்பூச்சு உலோகம், அது அலையைத் திருப்பி அனுப்பும். விளைவு, திண்ணையிலும் தெருவிலும் சிக்னல் முழுதாக இருக்கும், ஆச்சி உட்காரும் இரண்டாம் கட்டில் ஒரு கோடுகூட இருக்காது. வீட்டுக்காரர் உடனே ரிப்பீட்டர் வாங்குகிறார், அதுவும் முகப்புக்கே பக்கத்தில்.

ரவுட்டரிலிருந்து ஒரு லேன் கேபிளை வளவுவரை இழுத்து, முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் வைஃபையைப் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் ஒன்றை, ஆள் உயரத்துக்கு மேல், கண்ணாடிக்கும் இரும்பு பீரோவுக்கும் தள்ளி மாட்டுங்கள். திறந்த முற்றத்தின் வழியே அலை நாலு பக்கமும் போகும். கேட்6 கேபிள் 100 மீட்டர்வரை தாராளமாகப் போகும், வீடு எவ்வளவு நீளமானாலும் பயமில்லை. சுவரைத் துளைக்காமல் நிலைக்கு மேலே உள்ள காற்றுக் கம்பி வழியாகவே கேபிளைக் கொண்டுபோகலாம். பிறகு முகப்பு ரவுட்டரின் டிரான்ஸ்மிட் பவரை மீடியம் அல்லது லோ என்று குறைத்துவிடுங்கள். தெருவுக்குப் போகும் சிக்னல் அந்த அளவுக்குக் குறையும்.

அடுத்து ரவுட்டரின் உள்பக்கம். ரவுட்டரின் அடியில் ஒட்டிய சீட்டில் 192.168.1.1 மாதிரி ஓர் எண் இருக்கும். அதை பிரவுசரில் தட்டி உள்ளே போங்கள்.

முதலில் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வைஃபை கடவுச்சொல்லும் இதுவும் வேறு வேறு, இதைத்தான் பலர் தொடுவதே இல்லை. பொருத்த வந்தவர் வீட்டுக்காரரின் கைபேசி எண்ணையே வைஃபை கடவுச்சொல்லாக வைத்துவிட்டுப் போயிருந்தால் அதையும் மாற்றுங்கள். ஊரில் பாதிப் பேருக்கு அந்த எண் தெரியும். செக்யூரிட்டி என்ற இடத்தில் பூட்டு முறை டபிள்யூபிஏ3, அல்லது 2-ம் 3-ம் கலந்தது என்று இருக்கட்டும். பழைய போன் இணைய மறுத்தால் டபிள்யூபிஏ2 போதும். கடவுச்சொல் இல்லாமல் கருவிகளை இணைக்கும் டபிள்யூபிஎஸ் என்பதை ஆஃப் செய்யுங்கள், அதன் 8 இலக்க எண்ணை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து உள்ளே வந்துவிட முடியும்.

வைஃபை பெயரில் வீட்டு விலாசமோ குடும்பப் பெயரோ வேண்டாம். பெயரை மறைத்து வைப்பதும் வேண்டாம். பாதுகாப்பு என்று நினைத்துப் பலர் செய்யும் தவறு இது: ரவுட்டர் தன் பெயரைச் சொல்லாவிட்டால், உங்கள் போன்தான் போகிற இடமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லித் தேடவேண்டியிருக்கும். வீட்டில் மறைத்த பெயரை காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் போன் கூவிக்கொண்டிருக்கும்.

பெயரில் செய்யத்தக்க நல்ல காரியம் ஒன்று இருக்கிறது. தெருவில் போகிற ஒவ்வொரு போனும் உங்கள் ரவுட்டரின் எண்ணைத் தன் ஜிபிஎஸ் இடத்தோடு சேர்த்து கூகுளுக்கோ ஆப்பிளுக்கோ அனுப்பக்கூடும். உலகம் முழுக்க அப்படிச் சேர்த்த பட்டியலை வைத்துத்தான் வீட்டுக்குள் நீலப் புள்ளி வேலை செய்கிறது. அந்தப் பட்டியலைப் பயன்படுத்தி எங்கோ உள்ளவர்கள் ரவுட்டர்களின் இடப்பெயர்ச்சியைக் கண்காணிக்க முடியும் என்று மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-ல் காட்டினார்கள். பட்டியலிலிருந்து விலக, வைஃபை பெயரின் கடைசியில் ஓர் அண்டர்ஸ்கோர் போட்டு, இடைவெளி விடாமல், சிறிய ஆங்கில எழுத்துகளில் என், ஓ, எம், ஏ, பி என்று ஐந்தையும் சேருங்கள். கூகுள், ஆப்பிள் இரண்டுமே இதை மதிப்பதாக அறிவித்திருக்கின்றன. பெயர் மாறியதும் வீட்டில் உள்ள எல்லாக் கருவியையும் புதிதாக இணைக்கவேண்டும், கேமராவையும் டிவியையும் மறந்துவிடாதீர்கள்.

கல்யாணமோ முன்னோருக்கான படைப்போ வந்தால் நூறு பேர் வந்து வைஃபை கேட்பார்கள். வீட்டைத் தங்கும் விடுதியாக நடத்துபவர்களுக்குத் தினமுமே அப்படித்தான். ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க்கை ஆன் செய்து, அதற்குத் தனிக் கடவுச்சொல் வைத்து, அதன் கியூஆர் கோடை மட்டும் அச்சடித்து ஒட்டுங்கள். சிசிடிவி, பிரின்டர், கணக்கு வைத்திருக்கும் கம்ப்யூட்டர் மூன்றும் முக்கிய நெட்வொர்க்கில் இருக்கட்டும். ஒன்று கவனியுங்கள்: ஆண்ட்ராய்டில் "ஷேர்" தட்டி கியூஆர் காட்டினால், அதன் கீழே கடவுச்சொல் பச்சையாகவே எழுதியிருக்கும். விசேஷம் முடிந்த மறுநாள் கெஸ்ட் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.

சுவர் கனத்தால் வீட்டுக்குள் சிம் சிக்னல் கிடைக்காதவர்கள் வைஃபை காலிங்கை ஆன் செய்யலாம். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதைத் தொடங்கின, தனிக் கட்டணம் இல்லை. ஆண்ட்ராய்டில் சிம் செட்டிங்ஸுக்குள்ளும் ஐபோனில் மொபைல் சர்வீஸுக்குள்ளும் இருக்கும். சிக்னல் தேடி அலையும் போன் அதிக சக்தியில் ஒலிபரப்பும், பேட்டரியும் சீக்கிரம் தீரும். இதை ஆன் செய்தால் அந்தத் தொல்லையும் தீரும்.

வெளியே போகும்போது

ரயில் நிலையத்திலும் விடுதியிலும் உள்ள இலவச வைஃபை உங்கள் கைபேசி எண்ணைக் கேட்டு ஓடிபி அனுப்பும். அதைக் கொடுத்த நிமிடமே நீங்கள் யார் என்று தெரிந்துவிடும், போலி மேக் அட்ரஸ் அங்கே காப்பாற்றாது. அவசரம் இல்லையென்றால் சொந்த டேட்டாவையே பயன்படுத்துங்கள். பயன்படுத்தினால், முடிந்ததும் அந்தப் பெயரை "ஃபர்கெட்" செய்யுங்கள். அதே பெயரில் இன்னொருவர் ரவுட்டர் வைத்தால் போன் பழக்கதோஷத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் என்பதே காரணம். ஐஓஎஸ் 16 முதல் வைஃபை பக்கத்தில் எடிட் தட்டினால் பழைய பெயர்கள் எல்லாம் வரும். பட்டியலைப் பார்த்தால் மூன்று வருஷம் முன்பு தங்கிய விடுதிகூட இருக்கும்.

போனின் பெயரையும் மாற்றுங்கள். மதுரை பஸ்ஸில் ப்ளூடூத்தைத் திறந்து பாருங்கள், பக்கத்து இருக்கைக்காரரின் முழுப்பெயர் தெரியும். ஆண்ட்ராய்டில் அபவுட் போன் → டிவைஸ் நேம். ஐபோனில் ஜெனரல் → அபவுட் → நேம். பெயருக்குப் பதில் ஏதாவது ஒரு சொல் போதும். படம், கோப்பு பகிரும் ஏர்டிராப், குயிக் ஷேர் இரண்டும் "கான்டாக்ட்ஸ் ஒன்லி" என்று இருக்கட்டும்.

எங்களுக்கு மிகவும் கவலை தருவது வாடகைக் கார். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் திருச்சி விமான நிலையத்தில் கார் எடுத்து, பாட்டுக் கேட்கப் போனை அதன் ப்ளூடூத்தோடு இணைக்கிறார்கள். அப்போது "கான்டாக்ட்ஸ், கால் ஹிஸ்டரி அனுமதிக்கவா" என்று கேட்கும் கட்டத்தில் இயல்பாகவே டிக் இருக்கலாம். தட்டினால் குடும்பத்தின் தொடர்பு எண்கள் முழுக்க காரின் நினைவகத்தில் இறங்கிவிடும். அடுத்து அந்தக் காரை எடுப்பவர் திரையில் அதைப் பார்க்கலாம். டிக்கை எடுத்துவிட்டு இணையுங்கள். காரைத் திருப்பிக் கொடுக்கும்போது போனில் மட்டும் நீக்கினால் போதாது, காரின் திரையிலும் போன் பட்டியலில் உங்கள் போனை அழியுங்கள்.

போனைத் தொட்டுப் பணம் செலுத்த உதவும் என்எஃப்சி சுமார் 4 சென்டிமீட்டர் தூரத்தில்தான் வேலை செய்யும். ஆண்ட்ராய்டில் தேவைப்படும்போது மட்டும் ஆன் செய்தால் போதும். பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை.

2ஜியும் டவரும்

மொபைல் டேட்டாவை அணைத்தாலும் சிம் டவரோடு பேசிக்கொண்டேதான் இருக்கும். தொலைத்தொடர்புக் கம்பெனிகள் அழைப்பு விவரங்களைக் குறைந்தது 2 ஆண்டு வைத்திருக்கவேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம விதி மாறியது. டவரோடு பேசுவதை மட்டும் நிறுத்த எந்தப் பட்டனும் இல்லை, ஃப்ளைட் மோடு ஒன்றுதான்.

2ஜி மட்டும் உங்கள் கையில் இருக்கிறது. 2ஜியில் டவர் போனைச் சோதிக்கும், போன் டவரைச் சோதிக்காது. அதனால் போலி டவர் வைத்து அருகில் உள்ள போன்களை ஏமாற்ற முடிகிறது. 3ஜி முதல் இரு பக்கமும் சோதனை உண்டு. ஆண்ட்ராய்டு 12 முதல் பல போன்களில் சிம் செட்டிங்ஸுக்குள் "அலவ் 2ஜி" இருக்கும். ஆஃப் செய்தாலும் அவசர அழைப்புக்கு அது தடையாகாது. ஐபோனில் இதற்கென்று தனிப் பட்டன் இல்லை, மிகக் கடுமையான பாதுகாப்பு நிலையான லாக்டவுன் மோடு போட்டால்தான் 2ஜி நிற்கும். ஜியோவுக்கு 2ஜியே கிடையாது என்பதால் அவர்களுக்கு எந்த மாற்றமும் தெரியாது. மற்ற சிம் என்றால் முதலில் வோல்டிஇ (4ஜியிலேயே அழைப்பு பேசும் வசதி) ஆனில் இருக்கிறதா பாருங்கள். இல்லாமல் 2ஜியை அணைத்தால், டேட்டா ஓடும், ஆனால் அழைப்பு வராது. ஊருக்கு வெளியே தோப்பில், வயலில் இருப்பவர்கள் ஒரு வாரம் அணைத்துப் பார்த்து, அழைப்பு தவறினால் மீண்டும் ஆன் செய்துவிடுங்கள்.

பெரியவர்களின் போனில்

பிள்ளைகள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்க, பெரிய வீட்டில் ஆச்சியோ ஐயாவோ தனியாக இருப்பது இங்கே சகஜம். அவர்கள் போனில் எல்லாவற்றையும் அணைத்துவிடாதீர்கள். செவிக்கருவி பெரும்பாலும் ப்ளூடூத்தில்தான் போனோடு இணையும். ரத்த அழுத்தக் கருவியும் வாட்சும் அப்படியே. வைஃபையை அணைத்தால் இரவு வீடியோ கால் சிம் டேட்டாவில் ஓடி, தினசரி அளவு முடிந்து பாதியில் நின்றுவிடும். அவர்களுக்கு இப்படி வையுங்கள்: வைஃபை ஆன், ஆனால் திறந்த வைஃபையில் தானாக இணைவது ஆஃப். ப்ளூடூத் ஆன், ஆனால் தெரியாத கருவி இணையக் கேட்டால் வேண்டாம் என்று தட்டச் சொல்லிக் கொடுங்கள். இரண்டு ஸ்கேனிங்கும் ஆஃப். லொகேஷன் ஆன், குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் பகிர்வு, அதுவும் அவர்களிடம் சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகு. பெற்றவர் என்றாலும் பாட்டி என்றாலும் கேட்காமல் கண்காணிப்பது கண்காணிப்புதான்.

எல்லாம் முடிந்ததும் இன்னொரு போனை எடுத்து ப்ளூடூத் தேடல் போடுங்கள்; அணைத்த போனின் பெயர் வரக்கூடாது. ரவுட்டரின் பட்டியலிலும் அது இணைந்திருப்பதாகக் காட்டக்கூடாது. பெரிய அப்டேட் முடிந்த பிறகு ப்ளூடூத் தானாக ஆன் ஆகியிருப்பதும், ஸ்கேனிங் பழைய நிலைக்குத் திரும்பியிருப்பதும் உண்டு. அப்டேட் போட்ட அன்றே இந்த நான்கை மட்டும் திறந்து பாருங்கள்: வைஃபை ஸ்கேனிங், ப்ளூடூத் ஸ்கேனிங், தானாக ஆன் ஆகும் பட்டன், ஆப்களின் லொகேஷன் அனுமதி.